அம்மாயிக்கு நோயில்பூசுதல் கொடுக்க ஃபாதரைக் கூப்பிடலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்

மஸ்கெலியாப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். கத்தோலிக்கக் கோயில் விசயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால், நோயாளிக்கு ஃபாதர் செபித்து எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதலைப் பற்றிக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன், ஊர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். என்னை வளர்த்தது அம்மாயி. அவருக்குச் சீனி வருத்தம் ரொம்ப காலமாக இருக்கிறது, பிறகு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பேச்சும் பாதி போய்விட்டது. இப்போது பாதத்தில் வந்த புண் ஆறாமல் கறுத்துப்போனதால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, அடுத்த கிழமை வந்து வார்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதில் ஒபரேஷனை இருதயம் தாங்குமா என்று டொக்டர்மாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாயி வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா இந்து. அந்தக் காலத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, சர்ச்சில் எதுவும் நடக்கவில்லை. "கோயில் கலியாணம் இல்லாதவளுக்கு நன்மை கிடையாது" என்று அப்போது யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு இன்றுவரை அவர் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்கியதில்லை. பூசைக்கு மட்டும் தவறாமல் போவார். கடைசி வாங்கில் உட்கார்ந்து, எல்லாரும் நன்மைக்கு எழுந்து போகும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து இருப்பார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் மறைக்கல்விக்கு அனுப்பி முதல் நன்மை வாங்க வைத்தவர் அவர்தான். தாத்தா இறந்தும் நிறைய வருசமாகிவிட்டது.

ஒபரேஷனுக்கு முன்னால் ஃபாதரைக் கூப்பிட்டுப் பூசுதல் கொடுப்போம் என்று ஃபோனில் சொன்னேன். பெரிய மாமா கொதித்துவிட்டார். "எண்ணெய் பூசினா ஆள் போயிரும்டா, கெழவிக்கு நாள் குறிக்கப் பாக்குறியா" என்கிறார். சித்தி அழுகிறார். மாமி இந்து, அவர் எதிர்க்கவில்லை, ஆனால் அவருக்கும் பயம்.

எனக்குத் தெரிய வேண்டியது, இது சாகப்போகிறவர்களுக்கு மட்டும்தானா? அம்மாயி இனி நன்மை வாங்க முடியுமா? பேச்சு வராதவர் எப்படி ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது? எங்கள் பங்கு ஃபாதர் சிங்களவர், நல்ல மனிசன், ஆனால் தமிழ் கொஞ்சம்தான் வரும். அம்மாயிக்குச் சோறு இறங்காது, கஞ்சி மட்டும்தான்.

லயத்துப் பிள்ளை:

தம்பி, தாராளமாகக் கூப்பிடுங்கள், இன்றைக்கே கோல் எடுங்கள். அடுத்த கிழமை வரைக்கும் இழுக்காதீர்கள்.

நான் ஹட்டன் பக்கம். என் மாமனாருக்கு இருதய ஒபரேஷனுக்கு முதல் நாள் பூசுதல் கொடுத்தார்கள். அவர் இன்றைக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் போட்டு டவுனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். எங்கள் கோயிலில் பெப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று, வயதானவர்கள், வருத்தக்காரர்கள் எல்லாரையும் முன் வாங்குகளில் உட்காரவைத்து ஒரே பூசையில் பூசுதல் கொடுப்பார்கள். அந்த நாளை உலக நோயாளர் தினமாகப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் வைத்தார், 1993இல் இருந்து உலகம் முழுக்க நடக்கிறது. பூசுதல் வாங்கியவர்கள் அதற்குப் பிறகு பணிஸும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் மாமாவை ஒரு தடவை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடிந்தால் நல்லது.

நடப்பதைச் சொல்கிறேன், சித்திக்கும் சொல்லுங்கள், தெரியாததால்தான் பயம் வருகிறது. ஃபாதர் முதலில் ஒன்றும் பேசாமல் வருத்தக்காரரின் தலையில் இரண்டு கையையும் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் சட்டைப் பைக்குள் இருந்து விரல் அளவுக்கு ஒரு சின்ன உலோகச் சிமிழை எடுப்பார். உள்ளே எண்ணெயில் ஊறின பஞ்சு இருக்கும். பெருவிரலை அதில் ஒற்றி நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு சிலுவை, அதோடு செபம். மாமனாருக்குச் செய்தபோது பார்த்தேன், கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, விரல் முழுசாக விரியவில்லை, ஃபாதர் அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாக விரித்து அந்தக் காய்ப்பின்மேலேயே பூசினார். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பழைய உபதேசியார்:

தம்பி, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஃபாதருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலை செய்து ஓய்வெடுத்தவன் நான். உங்கள் கேள்விகளில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அம்மாயியின் நன்மை. அதையே முதலில் எடுக்கிறேன்.

கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரைக் கலியாணம் செய்ய வேண்டுமானால் ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். அது இல்லாமல், ஃபாதரும் சாட்சிகளும் இல்லாமல் நடந்த கலியாணத்தைத் திருச்சபை செல்லுபடியான திருமணமாக எடுப்பதில்லை, அந்த நிலை நீடிக்கும்வரை நன்மை வாங்க முடியாது. அவருக்கு அன்றைக்குச் சொன்னவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார். தாத்தா உயிரோடு இருந்தபோதே பங்குத்தந்தை மூலம் விண்ணப்பித்து விதிவிலக்கு வாங்கி, தாத்தா மதம் மாறாமலே, ஊரைக் கூட்டாமல் ஒரு பின்னேரம் கோயிலில் சம்மதம் சொல்லி அதைச் சீர்செய்திருக்கலாம். இதை வாசிக்கிறவர்களில் இன்னும் அப்படி வாழ்கிறவர்கள் இருந்தால், தயவுசெய்து பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுங்கள். தோட்டத்தில் இந்துவும் வேதக்காரரும் கலந்து கட்டுவது நேற்று இன்றைக்கு வந்த பழக்கம் அல்ல, ஃபாதர்மாருக்கு இது புதிசும் அல்ல.

இப்போது தாத்தா இல்லை. அவர் கண்ணை மூடிய அன்றே அந்தத் தடை போய்விட்டது. அம்மாயி இன்றைக்கு ஒரு கைம்பெண், அவ்வளவுதான். மனஸ்தாபத்தோடு, அதாவது பாவத்துக்காக மனம் வருந்தி, ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் அவர் நன்மை வாங்கத் தடையாக நீங்கள் சொன்னதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தீர்மானம் ஃபாதருடையது, அவர் கேட்டுச் சொல்வார், ஆனால் நீங்கள் அவரிடம் கோல் எடுக்கும்போதே இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பூசுதல் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடும். இத்தனை வருசம் கடைசி வாங்கில் இருந்தவருக்கு நன்மையைக் கொடுக்காமல் எண்ணெயை மட்டும் கொடுத்தால் அது அரைகுறை வேலை. எனக்கு அது மனசு கேட்காது.

பூசுதலுக்கு வருகிறேன். யாக்கோபு தன் நிருபத்தில் 5ஆம் அதிகாரத்தில் உங்களில் ஒருவன் வியாதியாக இருந்தால் சபையின் மூப்பரைக் கூப்பிடு என்றுதான் எழுதினார். செத்துக்கொண்டிருந்தால் என்று எழுதவில்லை. நடுவில் பல நூற்றாண்டுகளாக அது கடைசி மூச்சுக்குத் தள்ளிப்போய்விட்டது. 1551இல் ஆயர்கள் கூடிய திரெந்துத் திருச்சபைச் சங்கம்கூட நோயாளிகளுக்கு உரியது, விசேசமாகச் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு என்றுதான் சொன்னது, சனங்கள் அந்த இரண்டாவது பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டில் இதைத் திருத்தியது. நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே பூசுதலுக்குரிய காலம் வந்துவிட்டது என்று அதில் இருக்கிறது. 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் புதிய முறையைக் கொடுத்தார். அதற்கு முன்னால் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எல்லாப் புலன்களிலும் லத்தீனில் பூசுவார்கள். மாமா சின்னப் பையனாக யாருக்காவது நடந்ததைப் பார்த்திருந்தால், அவர் மனசில் இருப்பது அதுதான்.

பெரிய ஒபரேஷனுக்கு முன்னால், அதுவும் ஆபத்தான வருத்தம் காரணமாகச் செய்யும் ஒபரேஷன் என்றால், பூசுதல் கொடுக்கலாம் என்று சடங்கு முறையிலேயே எழுதியிருக்கிறது. சுகமாகித் திரும்ப விழுந்தால் திரும்பவும் கொடுக்கலாம், அதே வருத்தம் மோசமானாலும் கொடுக்கலாம். வாழ்க்கையில் ஒரு தடவைதான் என்று இல்லை.

பதுளைக்காரன்:

உபதேசியார் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் பெரியப்பாவுக்குப் பின்னேரம் பூசினார்கள், அன்று ராத்திரியே போய்விட்டார். லயத்தில் எல்லாரும் பார்த்தது. இதைப் பார்த்த சனம் எப்படிப் பயப்படாமல் இருக்கும்? தம்பியின் மாமாவைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்று, தியானத்துக்குப் போனபோது செபித்துக் கொடுத்த எண்ணெய்ப் போத்தல் எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா தினமும் முழங்காலில் பூசிக்கொள்கிறார். ஃபாதர் வரச் சுணங்கினால் அதையே வீட்டில் யாராவது செபம் சொல்லிப் பூசிவிடக் கூடாதா? இல்லாவிட்டால் மடத்துச் சிஸ்டரைக் கூப்பிட்டால் போதாதா?

பழைய உபதேசியார்:

பதுளைத் தம்பி, நீங்கள் கேட்டது நல்லது, எல்லார் மனசிலும் இருப்பது இதுதான்.

பெரியப்பாவுக்கு எப்போது ஃபாதரைக் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் தோட்டங்களில் வழக்கமாக நடப்பது என்ன? டிஸ்பென்சரி, டவுன் ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி, சாமி பார்க்கிறவர் என்று எல்லாம் முடிந்து, டொக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பி, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் கோயிலுக்கு ஆள் ஓடுகிறது. ஃபாதர் வந்து பூசுகிறார், ஆள் போய்விடுகிறார். பழி எண்ணெய்மேல் விழுகிறது. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் இன்னும் சுணங்கிக் கூப்பிடுகிறார், அங்கேயும் அதுவே நடக்கிறது. கடைசியில் பயம்தான் பயத்தை வளர்க்கிறது. நான் போன வீடுகளில் சில நேரம் உயிர் பிரிந்த பிறகு ஃபாதரைக் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு. அருட்சாதனங்கள், அதாவது ஞானஸ்நானம், நன்மை, பூசுதல் போன்ற திருச்சபைச் சடங்குகள், உயிரோடு இருப்பவர்களுக்கு. உயிர் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 1005 இடம் கொடுக்கிறது. நிச்சயமாக இறந்துவிட்டால் ஃபாதர் அவருக்காகச் செபிப்பார், பூச மாட்டார்.

வீட்டு எண்ணெயை அம்மா தாராளமாகப் பூசிக்கொள்ளட்டும், அது விசுவாசத்தோடு செய்யும் செபம். ஆனால் அது அருட்சாதனம் ஆகாது. நோயில்பூசுதலைக் குருவும் ஆயரும் மட்டும்தான் கொடுக்க முடியும். சிஸ்டர், உபதேசியார், குருவுக்கு அடுத்த படியில் இருக்கும் தியாக்கோன் யாரும் கொடுக்க முடியாது, 2005இல் உரோமையில் இருந்து இதைத் திரும்பவும் தெளிவாக எழுதினார்கள். காரணம், அந்தப் பூசுதலிலேயே பாவமன்னிப்பும் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாத நிலையில் கிடப்பவர் மனசுக்குள் மனஸ்தாபப்பட்டிருந்தால் பூசுதலாலேயே அவருடைய பாவம் மன்னிக்கப்படுகிறது. யாக்கோபும் அடுத்த வசனத்தில் அதைத்தான் சொல்கிறார். நன்மை கொண்டுவருவது வேறு. அனுமதி பெற்ற சிஸ்டரோ பொதுநிலைப் பணியாளரோ வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம்.

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒரு விசயம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு ஆயர் மூன்று எண்ணெய்களை ஆசீர்வதிப்பார், அதில் ஒன்று நோயாளர் எண்ணெய், பங்குகளுக்கு அதுதான் போகிறது. அவசரத்தில் கையில் இல்லாவிட்டால் ஃபாதரே அந்த இடத்தில் எண்ணெயை ஆசீர்வதித்துப் பூசலாம். 1972க்கு முன்னால் ஒலிவ எண்ணெய் மட்டும்தான், இப்போது தாவர எண்ணெய் எதுவும் செல்லும், நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் செல்லும். ஆகவே எண்ணெய் இல்லை என்று எந்த ஃபாதரும் திரும்பிப் போக வேண்டியதில்லை.

கண்டி நர்ஸ்:

நான் வார்டில் வேலை செய்கிறவள், என் பக்கத்தில் இருந்து சிலது சொல்கிறேன்.

ஒபரேஷனுக்கு முன்னாலேயே, வீட்டில் இருக்கும்போதே ஃபாதரைக் கூப்பிடுவது மிகவும் நல்லது. வார்டிலும் வரலாம், மெட்ரனிடமோ இருக்கிற சிஸ்டரிடமோ சொன்னால் பார்வை நேரம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் விடுவார்கள், திரையை இழுத்துவிட்டுச் செபிக்கலாம். ஆனால் ஒபரேஷன் அன்று காலையில் ஆள் பரபரப்பில் இருப்பார், மருந்தும் கொடுத்திருப்பார்கள், பிறகு ஐசியூவில் குழாய் போட்டால் வாயால் எதுவும் கொடுக்க முடியாது. தெளிவாக இருக்கும்போதே வாங்குகிற பாவசங்கீர்த்தனமும் நன்மையும் அவருக்கும் ஆறுதல், உங்களுக்கும் ஆறுதல்.

வாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் ஆபத்து உண்டு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நெஞ்சுச் சளி கட்டி ஒபரேஷனே தள்ளிப்போகும். கஞ்சி இறங்குகிறது என்றால் நன்மையில் மிகச் சின்னத் துண்டு போதும், நகத்தின் கால் பங்கு அளவுக்கு. அதில் குறைவு ஒன்றுமில்லை, எவ்வளவு சின்னத் துண்டானாலும் அதில் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். படுத்தபடி கொடுக்காதீர்கள், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைச் சற்றே கீழே சாய்த்துக் கொடுத்துவிட்டு, தொண்டை அசைந்து விழுங்கிவிட்டாரா, வாயில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணித்தியாலமாவது உட்கார்ந்தபடியே இருக்கட்டும். திடமானது எதுவுமே இறங்காதவர்களுக்கு திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஆனால் தண்ணீர் போன்றதுதான் வாதக்காரருக்கு அதிகம் புரையேறும், அதனால் கஞ்சி இறங்குகிறவருக்குச் சின்னத் துண்டுதான் என் யோசனை.

அதோடு ஒரு விசயம் கேட்கிறேன் தம்பி. அம்மாயியிடம் யாராவது கேட்டீர்களா? மாமா சொன்னது, சித்தி அழுதது, மாமி பயந்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். காலை எடுக்கப்போவது அவருடையது. பேச்சு பாதிதான் போயிருக்கிறது, விளங்குகிற சக்தி போகவில்லை. போய் அவர் கையைப் பிடித்துக் கேளுங்கள்.

மஸ்கெலியாப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. லீவு போட்டு நேற்று ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன்.

நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி அம்மாயியிடமே கேட்டேன். "ஃபாதர் வரட்டுமா அம்மாயி, எண்ணெய் பூச" என்றதும் தலையை ஆட்டினார். "நன்மையும் வாங்கலாமாம்" என்றேன், கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு சரியாக வருகிற கையால் வாயைக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினார். உபதேசியார் ஐயா எழுதினதை அப்படியே ஃபோனில் இருந்து வாசித்துக் காட்டினேன், தாத்தா போனதோடு தடை போய்விட்டது என்ற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லி விரலைக் காட்டினார். மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் கேட்டது வேறு: பூசுதல் வாங்காமல் செத்தால் கோயில் அடக்கம் கிடைக்காதாமே, அதற்காகத்தான் எல்லாரும் கடைசியில் ஓடுகிறார்களாம், உண்மையா என்று. அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், அவருக்குக் காட்டுகிறேன்.

மொழி விசயமும் இருக்கிறது. அம்மாயிக்குச் சிங்களம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும்.

பழைய உபதேசியார்:

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடக்கத்துக்கும் பூசுதலுக்கும் சம்பந்தம் இல்லை. திடீரென்று போகிறவர்கள், விபத்தில் போகிறவர்கள், ஃபாதர் வந்து சேர முன்னால் போகிறவர்கள் எத்தனை பேர். எல்லாருக்கும் கோயில் அடக்கம் உண்டு. பூசுதல் வருத்தத்தில் கிடக்கிறவருக்குத் தைரியமும் சமாதானமும் பொறுமையும் கொடுக்க, பாவத்தை மன்னிக்க, ஆன்மாவுக்கு நல்லதென்றால் உடம்புக்கும் சுகம் கொடுக்க. காலை இழக்கப்போகிற ஒரு மனுசிக்கு ஒபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி இவற்றில் எது வேண்டாம் என்று மாமாவே சொல்லட்டும்.

சாகிற நேரத்துக்கென்று திருச்சபை முதன்மையாக வைத்திருப்பது நற்கருணையைத்தான். அதை வழியுணவு என்று கொடுக்கிறது. முறைப்படி முதலில் பாவசங்கீர்த்தனம், அப்புறம் பூசுதல், முடிவில் நற்கருணை. வாழ்க்கையின் தொடக்கத்தில் ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் நற்கருணையும் சேர்ந்து வருவதுபோல முடிவில் இந்த மூன்றும் சேர்ந்து வருகின்றன என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1525ஆம் எண்ணில் சொல்கிறது. அம்மாயிக்கு இப்போது முடிவு என்று நான் சொல்லவில்லை, வரிசை ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.

மொழிக்கு வருவோம். பங்குத்தந்தையிடமே கேளுங்கள், பக்கத்துப் பங்குகளில் தமிழ் ஃபாதரோ இரண்டு மொழியும் தெரிந்தவரோ இருந்தால் அவரே அனுப்புவார், யாரும் கோபிக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளச் சட்டம் 990 இடம் கொடுக்கிறது, நம்பிக்கையான ஒருவர் வேண்டும், வைக்கச் சொல்லிக் கட்டாயம் இல்லை. அந்த ஆளும் கேட்டதை வெளியே விடக் கூடாது, ஃபாதரைப்போல அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். பேச்சு வராதவர் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும் என்று இல்லை. ஃபாதர் கேள்வியாகக் கேட்பார், தலையசைத்தால் போதும், கையை அழுத்தினால் போதும், நெஞ்சில் அடித்துக்கொண்டால் போதும். முடிந்த அளவு சொல்லி மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பு முழுசாகக் கிடைக்கும். பாவமன்னிப்பு வார்த்தையையும் பூசுதல் செபத்தையும் ஃபாதர் சிங்களத்தில் சொன்னாலும் செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம்.

நம் மலையில் இது இன்றைக்குத் தொடங்கின பாடு அல்ல. கோவாக் குருவான புனித யோசேப் வாஸ் 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். கொங்கணி தாய்மொழி அவருக்கு. தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டு, ஒல்லாந்தர் தடை செய்திருந்த காலத்தில் ஒளித்து ஒளித்து வீடு வீடாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டு நன்மை கொடுத்தவர். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியபோது, சாதி மதம் பாராமல் அவர்களைக் கழுவித் துடைத்துப் பார்த்தவரும் அவர்தான். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் தோட்டங்களில் இருந்தும் சனம் பஸ் பிடித்துப் போனது. உங்கள் ஃபாதர் நல்ல மனிசன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாயியின் கதையைச் சொன்னால் அவர் கட்டாயம் வழி செய்வார்.

மஸ்கெலியாப் பேரன்:

ஃபாதருடன் பேசிவிட்டேன். தமிழ் தெரிந்த இன்னொரு ஃபாதரோடு சனிக்கிழமை காலையில் இரண்டு பேருமாக வருகிறார்களாம். அம்மாயியின் கதையைச் சொன்னதும் "அப்போ நன்மையும் கொண்டு வாறேன்" என்று அவராகவே சொன்னார். மாமா ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், மேட்டு லயத்துக்குக் கார் ஏறாது.

எங்கள் லயத்துக் காம்பரா, இந்த ஒற்றை அறை, சின்னது. ஒரு பக்கம் மாமியின் முருகன் படமும் விளக்கும் இருக்கிறது, அதை எடுக்க வேண்டுமா? மேசையில் என்ன வைக்க வேண்டும்? மாமி உள்ளே நிற்கலாமா? அதோடு அம்மாயிக்குக் காலையில் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், நன்மைக்கு முன்னால் சாப்பிடக் கூடாதே?

லயத்துப் பிள்ளை:

படத்தை எடுக்கச் சொல்லி மாமியின் மனசை நோகவைக்காதீர்கள். கட்டில் இருக்கிற பக்கம் ஒரு சின்ன மேசையோ ஸ்டூலோ போட்டு வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கரண்டி, விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு, இவ்வளவு போதும். நற்கருணைச் சிமிழை ஃபாதர் அந்தத் துணிமேல்தான் வைப்பார், அதனால் அதைச் சுத்தமாகத் துவைத்து வையுங்கள். ஃபாதர் நற்கருணையோடு வருகிறார் என்பதால் வாசலில் நின்று வரவேற்கும்போது சத்தம், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் தேத்தண்ணியைப் பிறகு பார்க்கலாம்.

பாவசங்கீர்த்தன நேரம் மட்டும் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இஸ்தோப்புத் திண்ணையில் நின்றால் போதாது, முற்றத்துக்கு வந்துவிடுங்கள். எங்கள் லயத்தில் நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது, உங்களுடையதும் அப்படியென்றால் அடுத்த காம்பராக்காரரிடமும் முதலே சொல்லி அந்தக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். சொன்னால் சனம் கேட்கும். அதற்குப் பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிடுங்கள், மாமியையும். பூசுதல் நேரம் அவர் அம்மாயியின் பக்கத்திலேயே நிற்கலாம், தலையணையைப் பிடிக்கலாம், தன் மனசில் வேண்டிக்கொள்ளலாம். நன்மை மட்டும் வாங்க முடியாது, அவ்வளவுதான். தினமும் அம்மாயிக்குப் புண் கழுவுவது அவர்தான் என்றால் அவர் நிற்கத்தான் வேண்டும். மற்ற உங்கள் வீட்டு ஆட்களில் நன்மை வாங்க ஆசைப்படுகிறவர்கள் இருந்தால் எத்தனை பேர் என்று ஃபாதருக்கு முதலே சொல்லிவிடுங்கள், எண்ணித்தான் கொண்டுவருவார்.

கண்டி நர்ஸ்:

ஊசியும் சாப்பாடும் நேரத்துக்கே நடக்கட்டும் தம்பி. நன்மைக்கு முன்னால் ஒரு மணித்தியால உபவாசம் சுகமாக இருப்பவர்களுக்கு. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது கிடையாது, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் கிடையாது, ஆகவே நீங்களும் சித்தியும் காலையில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கஞ்சியை ஃபாதர் வருவதற்கு ஒரு அரை மணித்தியாலம் முன்னாலேயே கொடுத்து முடித்து, வாயைத் துடைத்து, அப்படியே உட்காரவைத்திருங்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் அதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், கட்டும்போது வலித்தால் அவர் களைத்துப்போவார். வார்டில் சேரும்போது பூசுதல் வாங்கிய விசயத்தையும் ஃபாதரின் நம்பரையும் அங்கே இருக்கிற சிஸ்டரிடம் சொல்லி நோயாளி டிக்கட்டில் எழுதச் சொல்லுங்கள்.